அனுமதியோடு வனம் புகுவோம்

கோடை விடுமுறை நெருங்கும் காலத்தில், நகரத்தின் வெப்பத்திலும் சந்தடியிலும் ஆண்டு முழுவதும் உழன்ற குடும்பங்கள் சில நாட்களையேனும் மர நிழலிலும் மலைக்காற்றிலும் கழிக்க விரும்புவது இயற்கையே. அவ்விருப்பம் நல்லதும்கூட. யானையையும் காட்டுமாட்டையும் குழந்தைகளுக்குப் புத்தகத்தில் காட்டுவதைவிட, அவை வாழும் இடத்துக்கே அழைத்துச் சென்று, எட்ட நின்று காட்டுவது அவர்களுடைய அறிவுக்கும் நல்லது, வனத்தின்மீது அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் நிலைக்கவேண்டிய மதிப்புக்கும் நல்லது. ஆனால் கடற்கரைக்குப் புறப்படுவதுபோல் நினைத்த மாத்திரத்தில் புறப்பட்டுச் செல்லத்தக்க இடமன்று வனம். அங்கே நாம் அந்நியர். அங்கு வாழும் உயிர்களுக்கும், தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் மக்களுக்கும் நம்மைவிட முந்திய உரிமை உண்டு. நம்முடைய உரிமையோ சட்டம் அளிக்கும் அனுமதியினால் மட்டுமே பிறப்பது.

முதுமலைக்கோ, டாப்ஸ்லிப்புக்கோ, களக்காடு முண்டந்துறைக்கோ, சத்தியமங்கலத்துக்கோ செல்லத் திட்டமிடும் ஒவ்வொருவரும் இந்த ஒன்றை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: வனத்தில் நமக்குள்ள உரிமை, நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, தீங்கு நேர்ந்தால் நாம் கேட்கக்கூடிய பரிகாரம் ஆகிய மூன்றும் அனுமதிச் சீட்டு என்னும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தவோ, சாகசம் செய்ததாக நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளவோ அச்சீட்டின்றிக் குறுக்கு வழியில் நுழைகிறவர், அம்மூன்றையும் சோதனைச்சாவடியிலேயே விட்டுவிட்டுச் செல்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டு வனங்களில் நுழைவதைப் பற்றிய பிரதான சட்டம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமாகும். சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்பதை அதன் 27-ஆவது பிரிவு வரையறுக்கிறது. பணியிலுள்ள அரசு ஊழியர், உள்ளே வசிக்கவோ சொத்து வைத்திருக்கவோ உரிமை பெற்றவர், பொது நெடுஞ்சாலை வழியே கடந்து செல்பவர் முதலியோரைத் தவிர மற்றவர்கள் அனுமதி பெற்றே நுழையவேண்டும் என்பது அதன் சாரம். வனவிலங்கு ஆராய்ச்சி, புகைப்படம் எடுத்தல், சுற்றுலா முதலிய காரணங்களுக்காக அவ்வனுமதி வழங்கப்படலாம் என்று 28-ஆவது பிரிவு கூறுகிறது. சரணாலயமாக அறிவிக்கப்படாத காப்புக்காடுகளுக்கோ 1882-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டு இன்றும் நடைமுறையிலுள்ள தமிழ்நாடு வனச் சட்டம் காவலாக நிற்கிறது. அங்கும் அனுமதியின்றி நுழைவது குற்றமே. ஆகையால், பலகையில் சரணாலயம் என்று எழுதியிராத காடு எவரும் நுழையத்தக்க பொதுவிடம் என்று எண்ணுவது பிழை.

நெடுஞ்சாலையில் கடந்து செல்லும் உரிமை சாலையோடு நின்றுவிடுகிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். முதுமலையின் நடுவே கூடலூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் சாலையில் நம் வாகனம் ஓடலாம். ஆனால் மான் கூட்டத்தைக் கண்டவுடன் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, புதருக்குள் பத்தடி நடந்தால், அந்தப் பத்தடியும் அத்துமீறலாகும். இவ்விஷயத்தை அறியாமலே அபராதம் செலுத்தியவர் பலர்.

முதுமலை 1940-ஆம் ஆண்டில் சரணாலயமாயிற்று. 2007-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனைமலையும் அவ்வாண்டிலேயே அந்நிலையை அடைந்தது. களக்காடு முண்டந்துறை அவற்றுக்கும் முந்தி, 1988-இலேயே, தமிழ்நாட்டின் முதற் புலிகள் காப்பகமாயிற்று. புலிகள் காப்பகம் ஒவ்வொன்றும் உள்வட்டம், வெளிவட்டம் என்று இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 2012-ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் உள்வட்டங்களில் சுற்றுலாவையே தற்காலிகமாகத் தடை செய்தது. அவ்வாண்டு அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்ட பின்னரே அத்தடை நீங்கிற்று. உள்வட்டத்தின் பரப்பில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு ஒதுக்கலாகாது என்பது அந்நெறிகளுள் முக்கியமானது. முதுமலையில் வனத்துறை வாகனம் நம்மை ஏன் குறிப்பிட்ட பாதைகளில் மட்டும் அழைத்துச் செல்கிறது, “இன்னும் உள்ளே போங்கள்” என்று நாம் கேட்கும்போது ஓட்டுநர் ஏன் மறுக்கிறார் என்பதற்கு இதுவே விளக்கம். மறுக்கும் அந்த ஓட்டுநர் தம் கடமையைச் செய்கிறார். அவரைக் கைப்பணம் காட்டி வற்புறுத்துவோர் அவரையும் தம்மையும் ஒருங்கே குற்றத்தில் தள்ளுகின்றனர்.

பயணிக்கு உள்ள உரிமைகள்

சட்டம் நம்மைத் தடுப்பதற்கு மட்டும் இருப்பதன்று. முறையாக வருகிறவரைக் காப்பதற்கும் அது கடமைப்பட்டது. கட்டணம் செலுத்தி நுழைகிற ஒவ்வொருவருக்கும் அத்தொகைக்கு ரசீது பெறும் உரிமை உண்டு. எந்தக் கட்டணம் எதற்காக வாங்கப்படுகிறது என்று கேட்டறியும் உரிமையும் உண்டு. ரசீதின்றிப் பணம் கேட்பவர் சீருடை அணிந்திருந்தாலும் சரி, அணியாதிருந்தாலும் சரி, மரியாதையோடு ஆனால் உறுதியோடு ரசீதைக் கேட்கவேண்டும். அச்சீட்டு வெறும் கணக்குக் காகிதமன்று. நாம் இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்ன பாதையில் உள்ளே இருந்தோம் என்பதற்கு அதுவே சாட்சி. மாலையில் திரும்பாதவரைத் தேடுவதற்கும் அதுவே ஆதாரம்.

நாம் அறியாமல் ஒரு விதியை மீறிவிட்டோம் என்று அதிகாரி கூறும்போது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று கேட்கலாம். சிறு குற்றங்களை வழக்கின்றி இணக்கக் கட்டணம் பெற்று முடித்துவிட வனவிலங்குச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அதிகாரம் பெற்ற உயர் அதிகாரியே அதைத் தீர்மானிக்க வேண்டும், தொகைக்கு எழுத்து மூலமான ஆதாரமும் தரவேண்டும். சாவடியில் நிற்கும் எவரும் தம் விருப்பப்படி ஒரு தொகையைச் சொல்லி வாங்கிக்கொள்ள முடியாது. கைது செய்யப்படும் நிலை நேர்ந்தாலும், காரணத்தை அறியவும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்தப்படவும் அரசியல் சாசனம் அளித்துள்ள உரிமை காட்டுக்குள்ளும் குறைவுபடாது.

நம் கட்டணம் எங்கே செல்கிறது என்று அறிவதும் நம் உரிமையே. புலிகள் காப்பகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாப்பு அறக்கட்டளை அமைக்கப்படவேண்டும் என்று சட்டம் விதிக்கிறது. அக்காப்பகத்தின் பராமரிப்புக்கும் அதைச் சார்ந்து வாழும் மக்களின் நலத்துக்கும் துணை நிற்பது அதன் நோக்கம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்து, சென்ற ஆண்டு எவ்வளவு வசூலாயிற்று, கழிப்பறைக்கும் குடிநீருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலரின் ஊதியத்துக்கும் எவ்வளவு செலவாயிற்று என்று எவரும் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும். பெண்களும் முதியோரும் கழிப்பறையின்றிப் படும் துன்பம் நம் சுற்றுலா ஸ்தலங்களில் சாதாரணமாகிவிட்டது; முகம் சுளித்துத் திரும்புவதைவிட ஒரு மனு எழுதுவது அதிகப் பிரயோஜனம் உடையது.

புறப்படுமுன்

வனப் பயணத்தின் பாதிப் பாதுகாப்பு வீட்டில் உட்கார்ந்து செய்யும் ஏற்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது. முதலாவது, காலம். மாசி, பங்குனி மாதங்களில் இலையுதிர் காடுகளும் புல்வெளிகளும் காய்ந்து கிடக்கையில் தீயின் அபாயத்தை முன்னிட்டு மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடுவது வழக்கம். தென்மேற்குப் பருவத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மண்சரிவாலும் அருவிகளின் வெள்ளத்தாலும் பல இடங்கள் மூடப்படும். விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னரே, செல்ல விரும்பும் இடம் அந்நாட்களில் திறந்திருக்குமா என்று வனத்துறையின் அலுவலகத்திலோ அதிகாரபூர்வ இணையதளத்திலோ விசாரித்து அறியவேண்டும்.

இரண்டாவது, வழி. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் பெறவேண்டியிருக்கிறது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் உதகைக்கு வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4000, 6000 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. முதுமலையையும் பந்திப்பூரையும் ஊடறுத்துச் செல்லும் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. சத்தியமங்கலத்துக்கும் ஆசனூருக்கும் இடைப்பட்ட திம்பம் மலைப்பாதையிலும் 2022 பிப்ரவரி முதல் இரவு நேரத் தடை உண்டு. இரவில் சாலையைக் கடக்கும் விலங்குகள் வாகனங்களில் அடிபட்டு மடிந்ததனாலேயே இத்தடைகள் பிறந்தன. நேரம் கணக்கிடாமல் புறப்பட்டு, சாவடியில் வந்து நின்று, காவலரோடு வாதிட்டு, குழந்தைகளோடு இரவு முழுவதும் காரில் படுத்திருப்பதைத் தவிர்க்க விரும்புவோர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, தங்குமிடம். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர்ப் பீடபூமி யானைகள் ஒரு வனத்திலிருந்து மற்றொரு வனத்துக்குச் செல்லும் வழித்தடமாகும். அவ்வழித்தடத்தை அறிவித்த அரசின் ஆணையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அங்கு எழுந்த பல உல்லாச விடுதிகளின் நிலை அதனால் கேள்விக்குள்ளாயிற்று. யானையின் பாதையில் கட்டிய விடுதியில் தங்குவது யானைக்குச் செய்யும் அநீதி மட்டுமன்று, தங்குகிறவருக்கும் அபாயம். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் ஓர் உல்லாச விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண்மணி ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். அதே மாதத்தில், மசினகுடியில் விடுதி ஒன்றின் அருகே வந்த யானையின்மீது எரியும் பொருள் வீசப்பட்டு, அந்தக் காயத்தால் அந்த யானை மாண்டது. ஆதலால் தனியார் விடுதியில் தங்க விரும்புவோர், உள்ளாட்சி உரிமமும் சுற்றுலாத் துறைப் பதிவும் உண்டா என்று கேட்டு, அவற்றின் எண்களை எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். “இரவில் ஜீப்பில் காட்டுக்குள் அழைத்துச் செல்கிறோம்” என்று ஆசை காட்டும் விடுதியை அந்த ஒரு வார்த்தைக்காகவே நிராகரித்துவிடலாம்.

நான்காவது, மலையேற்றம். 2018-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் இயற்றப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறையின் ஏற்பாட்டில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைக் கொண்ட மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. பாதையின் கடினத்தைப் பொறுத்து அவை வகைப்படுத்தப்பட்டு, அவ்வவ்வூரைச் சேர்ந்த பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு நடத்தப்படுகின்றன. இதற்கு இணையத்தில் முன்பதிவு செய்யும்போது, அதே பெயரைச் சற்றே மாற்றி வைத்திருக்கும் போலித் தளங்களில் பணம் செலுத்தி ஏமாறாமல், முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும்.

அபாயங்களை அறிதல்

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நிகழ்ந்ததை நாம் மறத்தலாகாது. சென்னையிலிருந்தும் மேற்கு மாவட்டங்களிலிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர், கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளைஞர். காய்ந்த போதைப்புல் மனிதனின் உயரத்துக்கு நிற்கும் சரிவில் காற்றும் சேர்ந்துகொண்டால் தீ எவ்வளவு வேகமாகப் பாயும் என்பதை அன்று நாடு கண்டது. தீ பொதுவாகச் சரிவின் மேல்நோக்கியே விரைந்து ஏறும். ஆகையால் தீயைக் கண்டவர் அதற்கு மேலே ஓடுவது பெரும் ஆபத்து. புல்லற்ற பாறைப்பரப்பையோ, தீத்தடுப்புக் கோட்டையோ, முன்பே எரிந்து அடங்கிய இடத்தையோ பக்கவாட்டில் சென்று சேர முயலவேண்டும். இவற்றையெல்லாம் அறிந்த உள்ளூர் வழிகாட்டியும், குழு எங்கே இருக்கிறது என்பதை அறிந்த வனத்துறையும் இருந்தால்தான் மீட்பு உரிய காலத்தில் வந்து சேரும்.

யானையைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். முகாமில் பாகனுக்குக் கீழ்ப்படிந்து நிற்கும் யானையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் காட்டு யானையும் சாதுவாகவே தோன்றுகிறது. இந்தத் தோற்றமே பல உயிர்களைப் பலிகொண்டிருக்கிறது. குட்டியோடு நிற்கும் தாயும், மதநீர் ஒழுகும் ஆணும், தனித்துத் திரியும் ஒற்றையும் எதிர்பாராத கணத்தில் பாய்வன. 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் இரு சக்கர வாகனத்தில் சென்ற வெளிநாட்டுப் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் பந்திப்பூர்ச் சாலையில் யானையின் அருகே சென்று படமெடுக்க முயன்றவர் மிதிபட்டு, உயிர் தப்பிய பின் 25,000 ரூபாய் அபராதமும் செலுத்த நேர்ந்தது. சாலையில் யானை நின்றால் எட்டவே வண்டியை நிறுத்தவேண்டும். ஒலிப்பானை அழுத்துதல், விளக்கை மின்னச் செய்தல், இறங்குதல், முந்திச் செல்ல முயலுதல் எவையும் கூடா. அது நம்மை நோக்கி வருமானால் நிதானமாகப் பின்வாங்க வேண்டும். அது காட்டுக்குள் சென்று மறையும் வரை காத்திருப்பதால் நஷ்டமாவது சில நிமிஷங்களே.

நீரும் ஏமாற்றும். நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருக்கையிலேயே மலையுச்சியில் பெய்த மழை அருவியில் திடீர் வெள்ளமாக இறங்கிவிடும். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் இவ்வாறு வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு மாண்டான். நீரின் நிறம் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும் எச்சரிக்கைகள். கண்டவுடன் கரையேறிவிட வேண்டும். வெள்ளியங்கிரி போன்ற செங்குத்தான மலைகளில் ஏறும்போது மாரடைப்பால் இறந்தவர்களும் உண்டு. இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உடையோர் வைத்தியரின் ஆலோசனையின்றி இம்மலைகளில் ஏறுதல் தகாது.

சிறிய உயிர்களின் தீங்கு பெரியவற்றினும் அதிகம் கவனிக்கப்படாதது. அட்டை கடித்தால் சிறிது இரத்தம் போகுமேயன்றிப் பெருந்தீங்கு இல்லை; ஆனால் புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணிவகைப் பூச்சிகளால் பரவும் உண்ணிக் காய்ச்சலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளில் காணப்படும் குரங்குக் காய்ச்சலும் உயிருக்கே ஆபத்தானவை. முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் அணிந்து செல்லவேண்டும். திரும்பியதும் உடலைச் சோதித்துக் குளிக்கவேண்டும். இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குச் சென்றுவந்த செய்தியை வைத்தியரிடம் மறவாமல் கூறவேண்டும். உடலில் கருநிறப் பொருக்குத் தோன்றியிருந்தால் அதையும் காட்டவேண்டும். உண்ணிக் காய்ச்சல் உரிய மருந்தினால் குணமாவது. காலதாமதமே அதைக் கொடியதாக்குகிறது.

பாம்பு கடித்தவரைப் பதற்றமின்றிப் படுக்கவைத்து, கடிபட்ட உறுப்பை அசையாதபடி சிம்பு வைத்துத் தளர்வாகக் கட்டி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், பாம்பைத் தேடிப் பிடிப்பதும் தீமையே பயக்கும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. காட்டில் கைப்பேசி பல இடங்களில் எடுபடாதாகையால், 108 ஊர்திக்கு எங்கிருந்து அழைக்கமுடியும், அருகிலுள்ள மருத்துவமனை எது என்பதைப் புறப்படுமுன்பே குறித்து வைத்திருக்க வேண்டும்.

செய்யத்தகாதவை

குரங்குக்குப் பிஸ்கட் கொடுப்பது தர்மம் என்று எண்ணுவோர் பலர். அவ்வாறு பழக்கப்பட்ட குரங்கு காட்டுணவை மறந்து சாலையோரத்தில் தங்கி, வாகனத்தில் அடிபடுகிறது; அல்லது குழந்தையின் கையிலிருப்பதைப் பறிக்கும் முயற்சியில் கடித்துவிடுகிறது. விலங்கைச் சீண்டுவதையும் சரணாலயத்தில் குப்பை போடுவதையும் வனவிலங்குச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது. தீ மூட்டுவதும், ஆயுதத்தோடு நுழைவதும், எந்தத் தாவரத்தையோ விலங்கின் பாகத்தையோ அங்கிருந்து அகற்றுவதும் குற்றம். உதிர்ந்து கிடந்த மான்கொம்புதானே என்று எடுத்து வந்தவரும், அழகாயிருந்தது என்று ஒரு மலர்ச்செடியைப் பிடுங்கி வந்தவரும் இச்சட்டத்தின் முன் குற்றவாளிகளே. 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், இச்சட்டத்தின் பொதுவான குற்றங்களுக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வேட்டை முதலிய கொடிய குற்றங்களுக்குத் தண்டனை இதனினும் கடுமை.

ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. நீலகிரியிலோ சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் தடை உண்டு. மிச்ச உணவின் வாசனையால் ஈர்க்கப்பட்டு மானும் யானையும் அப்பொருள்களை விழுங்கி, குடல் அடைத்துச் சாகின்றன. எவர்சில்வர் பாட்டிலில் நீர் கொண்டு செல்வதும், கொண்டு சென்ற அனைத்தையும் திரும்பக் கொண்டுவருவதும் எவராலும் இயலும்.

காட்டில் வாழும் மக்களும் காட்சிப் பொருள்களல்லர். காட்டுநாயக்கர், குறும்பர், இருளர், பணியர், காடர், மலசர், காணிக்காரர் முதலிய குடிகளின் வன உரிமையை 2006-ஆம் ஆண்டின் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. அவர்களுடைய வீட்டு வாசலில் நின்று அனுமதி கேளாமல் படமெடுப்பது, நம் வீட்டு வாசலில் ஒருவர் அவ்வாறு செய்தால் எவ்வளவு அநாகரிகமோ அவ்வளவு அநாகரிகம்.

தீங்கு நேர்ந்தால்

பணம் பெற்றுக்கொண்டு சொன்னபடி செய்யாத சுற்றுலா நிறுவனமும், வாக்களித்த வசதியைத் தராத விடுதியும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. முதலில் எழுத்து மூலம் நிறுவனத்துக்கே முறையிட வேண்டும். அதில் பயனில்லையெனில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதுவும் பயன்தராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். சம்பவம் நடந்த இரண்டாண்டுக்குள் இதைச் செய்யவேண்டும். தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கைத் தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாதிருந்தால் கட்டணமில்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடவும் தடையில்லை. “எது நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பன்று” என்று எழுதிய தாளில் கையொப்பமிட்டுவிட்டோமே என்று மனம் தளரவேண்டியதில்லை; பயணியின் உரிமையை முற்றிலும் பறிக்கும் நிபந்தனைகளை நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்க்க அச்சட்டம் வழி வைத்திருக்கிறது. ரசீது, விளம்பரம், குறுஞ்செய்தி, புகைப்படம் ஆகிய அனைத்தையும் பத்திரப்படுத்துவது மட்டும் நம் பொறுப்பு.

போலி இணையதளத்தில் பணம் இழந்தவர் உடனடியாக 1930 என்னும் எண்ணை அழைக்கவேண்டும். எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம். வனப் பணியாளரின் நடத்தையில் குறையிருந்தால் வனச்சரக அலுவலரிடமும், பின்னர் மாவட்ட வன அலுவலரிடமும், புலிகள் காப்பகமாயின் கள இயக்குநரிடமும் எழுத்தில் முறையிடலாம். 1100 என்னும் முதலமைச்சரின் உதவி மையத்தையும் நாடலாம். வனத்தை அழித்துக் கட்டிய கட்டடத்தையோ ஓடையில் கழிவைக் கலக்கும் விடுதியையோ கண்டால், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதை விசாரிக்கும் அதிகாரம் உடையது. அவசர ஆபத்துக்கு 112.

இந்தப் பரிகாரங்கள் எல்லாம் அனுமதியோடு சென்றவருக்கே முழு வலிமையோடு கைகொடுக்கும். அனுமதியில்லாத பாதையில் ஒரு நிறுவனம் அழைத்துச் சென்றால் அந்நிறுவனத்தின்மீது வழக்கே இல்லை என்று பொருளன்று. ஆயினும் தெரிந்தே உடன் சென்றவர் தாமும் அத்துமீறியவர் என்னும் நிலையில் நின்று வாதாட நேரும். அப்போது அவருடைய நியாயமான குறையும் பலவீனப்பட்டுவிடும்.

ஆகையால் இவ்வாண்டு வனம் காண விரும்புவோர் பயணத்தை நிச்சயிக்கும்போது, அழைத்துச் செல்பவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கட்டும்: அனுமதி வழங்கியது யார்? உடன் வரும் வழிகாட்டி யார்? ஆபத்து நேர்ந்தால் எங்கே, யாருக்குச் செய்தி போகும்? இம்மூன்றுக்கும் பெயரும் எழுத்தும் உடைய விடை கிடைத்தால் மகிழ்ச்சியோடு புறப்படலாம். ஒன்றுக்கேனும் மழுப்பலான விடை வருமானால், முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று அப்பயணத்தைக் கைவிடுவதே விவேகம். குரங்கணிக்குச் சென்ற இளைஞரின் பெற்றோர் எவரும் அன்று இக்கேள்விகளைக் கேட்கவேண்டும் என்று அறிந்திருக்க நியாயமில்லை. இன்று அறிந்தும் கேளாதிருக்க நமக்கு நியாயமில்லை.